நேர்கோட்டின் நேர்மை

1

வில்னியஸ் விமான நிலையத்துக்கும் மின்ஸ்க் விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 197 கிலோமீட்டர். பறக்கும் நேரம் சுமார் 45 நிமிடம். இரண்டும் சரியான விடைகள். ஆனால் லித்துவேனியாவின் தலைநகருக்கும் பெலாரஸின் தலைநகருக்கும் இடையே 2021க்குப் பிறகு பயணிகள் விமானப் போக்குவரத்து கிடையாது. யாரும் பறக்காத வழிக்குப் பறக்கும் நேரம் என்று ஒன்று எப்படி இருக்க முடியும்? இருக்கிறது என்றால், அந்த விடை எந்த அர்த்தத்தில் சரி?

விடையைத் தருகிற அட்டவணை பொய் சொல்லவில்லை. பூமியைக் கோளமாகப் பாவித்து, அதன்மேல் இரண்டு புள்ளிகளைக் குறித்து, இரண்டையும் இணைக்கும் பெருவட்டத்தின் வில்லை அளந்தால் இந்த எண் வரும். அதை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்தால் 15 நிமிடம். ஏறவும் இறங்கவும் இன்னும் அரைமணி. ஆக மொத்தம் 45. சூத்திரத்துக்குப் புள்ளிகள் போதும். நடுவில் கடலா, மலையா, பீரங்கியா என்று அது விசாரிப்பதில்லை. நிலவின் இரண்டு பள்ளங்களைக் கொடுத்தாலும் இதே முகபாவத்துடன் தூரமும் நேரமும் சொல்லிவிடும்.

இதைக் குதர்க்கம் என்று ஒதுக்கிவிடலாம். தூரம் வேறு, போக்குவரத்து வேறு. விமானம் ஓடாததால் தூரம் பொய்யாகிவிடுமா என்று கேட்கலாம். பொய்யாகாது. என் சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது. ‘எவ்வளவு தூரம்?’ என்று கேட்கிறவன் பெரும்பாலும் வடிவ கணிதம் கேட்பதில்லை. போக நினைக்கிறான், அல்லது யாரோ வருவதற்காகக் காத்திருக்கிறான். அவன் கேட்டது ஒரு வழியை; அவனுக்குக் கிடைப்பது ஒரு கோடு. கோடு உண்மைதான். வழியைக் கேட்டவனிடம் கோட்டைக் கொடுத்துவிட்டு, கேட்டதற்கு உண்மையைத்தானே சொன்னேன் என்று நகர்ந்துவிடுவது நேர்மையா?

நான் வங்கிக் குமாஸ்தா. சரியான எண்ணின் மதிப்பு எனக்குத் தெரியும். அதில்தான் என் சம்பளம் இருக்கிறது. மாலையில் பற்றும் வரவும் சமப்படவில்லை என்றால் எழுந்து வீட்டுக்குப் போக முடியாது. ஆனால் சமப்பட்டுவிட்டது என்பதற்கு ஒரே அர்த்தம்தான்: இரண்டு பக்கமும் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. கொடுத்த கடன் கொடுத்திருக்க வேண்டியதா, மறுத்த கடன் மறுத்திருக்க வேண்டியதா என்பது அந்தச் சமனில் தெரியாது. கணக்கு சரியாக இருப்பதும் காரியம் சரியாக இருப்பதும் வேறு வேறு தளங்கள். முதலாவதைக் காட்டி இரண்டாவதை நிரூபித்துவிட்டதாக நினைப்பது எல்லா அலுவலகங்களுக்கும் பொதுவான சுபாவம்.

‘நேர்’ என்ற சொல்லிலிருந்துதான் தமிழில் நேர்கோடும் வருகிறது, நேர்மையும் வருகிறது. இரண்டும் ஒரே வேரில் இருப்பதாலோ என்னவோ, நேராக இருப்பது நியாயமாகவும் இருக்கும் என்று நம்ப நமக்கு ஒரு சாய்வு இருக்கிறது. சுற்றி வளைத்துப் பேசுகிறவனை நாம் நம்புவதில்லை. இந்தச் சாய்வைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

2

முதலில் சாதாரணமான ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். லண்டன் ஹீத்ரோவிலிருந்து பாரிஸ் சார்ல் த கோலுக்கு சுமார் 348 கிலோமீட்டர். விமானம் காற்றில் இருப்பது முக்கால் மணியோ சற்றுக் கூடவோ. நேர அட்டவணையில் இருப்பதோ சுமார் ஒரு மணி இருபது நிமிடம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அட்டவணை பறப்பதை அளப்பதில்லை. விமானம் நின்ற இடத்தைவிட்டு அசைந்ததிலிருந்து, போன இடத்தில் வந்து நிற்பதுவரை அளக்கிறது. ஓடுபாதைக்காகக் காத்திருப்பது, இறங்க அனுமதி கிடைக்காமல் வானில் வட்டமடிப்பது எல்லாம் அதில் சேர்த்தி. போதாததற்கு, தாமதமானால் பெயர் கெடும் என்று நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூட்டியே வைக்கின்றன. குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அதற்குப் பெயர் ‘நேரத்துக்கு வந்தது’. ஆக ‘நேரம்’, ‘தாமதம்’ என்பவை நாம் கண்டுபிடித்த உண்மைகள் அல்ல; செய்துகொண்ட ஒப்பந்தங்கள்.

கடிகாரத்தைப் பார்த்தால் விஷயம் இன்னும் விநோதமாகிறது. லண்டனில் காலை 10 மணிக்குக் கிளம்பினால் பாரிஸில் 12-20க்கு இறங்குவோம். பாரிஸில் 10 மணிக்குக் கிளம்பினால் லண்டனில் 10-20க்கு இறங்குவோம். ஒரே தூரம், போவதற்கு இரண்டு மணி இருபது நிமிடம், வருவதற்கு இருபது நிமிடம். கடிகார வித்தியாசம்தானே என்று சிரித்துக் கடந்துவிடலாம். அந்த ஒரு மணி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். பாரிஸ் கிரீன்விச்சுக்குக் கிழக்கே 2 பாகைக்குச் சற்று மேல்தான். ஒரு மணி வித்தியாசத்துக்கு 15 பாகை வேண்டும். சூரியனின் கணக்கில் பாரிஸ் லண்டனின் அண்டை வீடு. 1911 முதல் பிரான்ஸ் கிரீன்விச் நேரத்தையே வைத்திருந்தது. 1940 ஜூனில் ஜெர்மானியப் படை பாரிஸைப் பிடித்தபோது, கடிகாரங்கள் பெர்லின் நேரத்துக்கு மாற்றப்பட்டன. படை 1944இல் போய்விட்டது. நேரம் திரும்பவில்லை, அதுவே பழக்கமாகிவிட்டது. இன்று காலை லண்டனில் ஏறிப் பாரிஸில் இறங்கித் தன் கைக்கடிகாரத்தை ஒரு மணி தள்ளிவைக்கும் வியாபாரி, தோற்றுப்போன ஒரு ராணுவத்தின் கட்டளைக்கு இன்னமும் கீழ்ப்படிந்துகொண்டிருக்கிறான். அவனுக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சரித்திரம் சௌகரியமாக மாறிவிட்டால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னித் தீவுகளில் இருக்கிறது. வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரண்டு தீவுகளுக்கு இடையே 1967 முதல் சிறு விமானம் ஒன்று போய்வருகிறது. தூரம் சுமார் 2.7 கிலோமீட்டர். பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் ஓடுபாதையே இதைவிட நீளம். அட்டவணையில் 2 நிமிடம்; காற்று சாதகமாக இருந்த ஒரு நாளில் 53 வினாடியில் முடிந்திருக்கிறது. உலகத்தின் மிகச் சிறிய விமானப் பயணம் என்று இதைப் பார்க்க வருகிறவர்களும் உண்டு. அது எனக்கு முக்கியமில்லை. 2.7 கிலோமீட்டருக்கு ஒரு விமானம் வேண்டியிருக்கிறது என்பதுதான் முக்கியம். நடுவில் கடல் இருக்கிறது. அக்கரையில் சில பத்துப் பேர் வாழ்கிறார்கள். அவர்களுக்கு வைத்தியரும் வாத்தியாரும் வேண்டும். இலாபம் வராத அந்த 2 நிமிடத்தை ஒரு சமூகம் நடத்திக்கொண்டிருக்கிறது. அந்தத் தீவை அருகில் வைத்துக்கொள்வது என்று தீர்மானித்திருப்பதால்தான் அது அருகில் இருக்கிறது.

அருகாமை தானாகக் கிடப்பதில்லை. யாரோ அதைச் செய்கிறார்கள், செலவழித்துப் பராமரிக்கிறார்கள். அப்படியானால் தூரத்தையும் யாரோ செய்துதான் இருக்க வேண்டும்.

3

1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான சர்வதேச விமான ஒப்பந்தத்தின் முதல் ஷரத்து, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளியின்மீது முழுமையான, பிறருக்குப் பங்கில்லாத இறையாண்மை உண்டு என்கிறது. வானம் எல்லோருக்கும் பொது என்பது கவிஞர்களின் அபிப்பிராயம். சட்டத்தில் வானத்துக்கு வேலி உண்டு. நிலத்தின் வேலி அப்படியே செங்குத்தாக மேலே எழுந்து நிற்கிறது.

இந்த வேலிக்குள் ஓட்டை போட்டுப் பறந்த காலம் ஒன்று உண்டு. போருக்குப் பின் மேற்கு பெர்லினுக்கு மூன்றே மூன்று வான்பாதைகள். ஒவ்வொன்றும் 20 மைல் அகலம். 10,000 அடிக்கு மேல் ஏறக்கூடாது. அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு விமானங்கள்தான் போகலாம். ஜெர்மானியர்களின் சொந்த நிறுவனமான லுஃப்தான்ஸா 1990வரை பெர்லினில் இறங்க முடியவில்லை. ஹனோவரிலிருந்து பெர்லினுக்கு சுமார் 250 கிலோமீட்டர். அதை மேகங்களின் கலவரத்துக்கு நடுவே தாழப் பறந்து கடந்தார்கள். 1948 ஜூனில் சோவியத் தரப்பு தரைவழிகளை மூடியபோது இதே பாதைகளில்தான் மாவும் நிலக்கரியும் போயின. 1949 செப்டம்பர்வரை இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள். சுமார் 23 லட்சம் டன் சரக்கு. வெஸ்ட்ரேயின் 2 நிமிடமும் பெர்லினின் 250 கிலோமீட்டரும் ஒரே காரியத்தின் சிறிய, பெரிய வடிவங்கள். தூரமாக்கப்பட்ட ஒன்றை அருகில் பிடித்துவைத்திருக்கும் பிடிவாதம்.

இனி என் இரண்டு நிலையங்களுக்கு வருகிறேன். 2021 மே 23. ஏதென்ஸிலிருந்து வில்னியஸுக்குப் போன ரையன்ஏர் விமானம் பெலாரஸ் வான்வெளியின் வழியே பறந்து, லித்துவேனிய எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தது. விமானத்தில் வெடிகுண்டு இருப்பதாகப் பெலாரஸ் கட்டுப்பாட்டு நிலையம் விமானிக்குச் சொல்லியது. மின்ஸ்கில் இறங்கும்படி சொல்லியது. ஒரு மிக்-29 போர் விமானமும் மேலே அனுப்பப்பட்டது. அந்த நிமிடத்தில் விமானத்துக்கு வில்னியஸ்தான் பக்கம், மின்ஸ்க் தூரம். ஆபத்தில் இருப்பவனை அருகில் உள்ள நிலையத்தை விட்டுவிட்டுத் தூரத்தில் உள்ள நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள். அது திரும்பியது. மின்ஸ்கில் பத்திரிகையாளர் ராமன் பிரட்டசேவிச்சும் அவருடன் பயணம் செய்த சோஃபியா சபேகாவும் கைது செய்யப்பட்டார்கள். குண்டு எதுவும் இல்லை. அந்த மிரட்டல் வேண்டுமென்றே செய்யப்பட்ட பொய் என்று சர்வதேச சிவில் விமான அமைப்பின் விசாரணை 2022இல் முடிவுசெய்தது. மற்றப் பயணிகளுடன் விமானம் வில்னியஸ் சேர்ந்தபோது எட்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம்.

அன்று மாலை அந்த விமானம் மின்ஸ்கிலிருந்து வில்னியஸுக்குப் பறந்தது. அட்டவணை சொல்லும் அதே 197 கிலோமீட்டர் கோட்டின் இரண்டு முனைகளுக்கு இடையே. அந்தப் பயணத்துக்குப் பறக்கும் நேரம் என்ன என்று கேட்டால் அட்டவணையின் விடை மாறாது: 45 நிமிடம். இரண்டு பேரைக் கீழே விட்டுவிட்டு வந்த விமானத்துக்கும் அதே 45. எண்ணில் குற்றம் இல்லை. ஆனால் விட்டுப்போனவர்கள் அதில் இல்லை.

அதன் பிறகு 2021 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் தன் வான்வெளியையும் நிலையங்களையும் பெலாரஸ் விமானங்களுக்கு மூடியது. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் வானம் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. மின்ஸ்கிலிருந்து வில்னியஸுக்கு வான்வழியே போக வேண்டுமானால் இஸ்தான்புல் போய்த் திரும்ப வேண்டும். இரண்டு நேர்கோடுகளையும் கூட்டினால் சுமார் 2,900 கிலோமீட்டர். அந்த நேர்கோடுகளும் உக்ரைனுக்கு மேலாகப் போவதால் பறக்க முடியாதவை; நிஜத்தில் சுற்று இன்னும் அதிகம். 197 என்பது 2,900க்கும் மேல் ஆகிவிட்டது. ஒரு கல்கூட இடம் பெயரவில்லை.

2025 அக்டோபரில் வில்னியஸ் நிலையம் பல தடவை மூடப்பட்டது. காரணம், பெலாரஸ் பக்கத்திலிருந்து காற்றில் மிதந்து வந்த பலூன்கள். அவற்றில் கட்டியிருந்தவை கள்ளச் சிகரெட்டுகள். மனிதன் போக முடியாத வழியில் சிகரெட்டு போய்க்கொண்டிருந்தது, நேர அட்டவணையோ பயணச்சீட்டோ இல்லாமல். ஒரு நாடகாசிரியன் இதைக் கற்பனை செய்து எழுதியிருந்தால் குறியீடு அப்பட்டமாக இருக்கிறது என்று நாம் மதிப்புரையில் கண்டித்திருப்போம்.

4

கணிதத்தில் ‘தூரம்’ என்ற பெயருக்குத் தகுதி பெறச் சில நிபந்தனைகள் உண்டு. 1906இல் ஃப்ரெஷே என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் இதை ஒழுங்குபடுத்தினார். ஒரே புள்ளியாக இருந்தால்தான் தூரம் பூஜ்யம். சுற்றிப் போவது நேரே போவதைவிடக் குறைவாக இருக்க முடியாது. முக்கியமாக, இங்கிருந்து அங்கே எவ்வளவோ அங்கிருந்து இங்கேயும் அவ்வளவே. இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் மனித வாழ்க்கை முதலில் மீறுகிறது.

காற்றே அதை மீறுகிறது. ஐரோப்பாவின் மேல் உயரத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே காற்று ஓடுவதால், போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. ஆனால் காற்றின் அநியாயம் சில நிமிடங்கள். மற்றது அப்படி அல்ல. செஸ்லாவ் மிலோஸ் வில்னியஸில் படித்து வளர்ந்தவர். 1940இல் அங்கிருந்து வார்ஸாவுக்குப் போனார். இரண்டு நகரங்களின் நிலையங்களுக்கும் இடையே சுமார் 400 கிலோமீட்டர். போவதற்கு எல்லைகளைக் கள்ளத்தனமாகக் கடக்க வேண்டியிருந்தது, போய்ச் சேர்ந்தார். திரும்புவதற்கு? 1951இல் பாரிஸில் அடைக்கலம், பிறகு அமெரிக்கா, 1980இல் நோபல் பரிசு. லித்துவேனியாவுக்கு அவர் திரும்பிவந்தது 1992இல். 400 கிலோமீட்டருக்கு 52 ஆண்டு. மின்ஸ்கில் வாழ்ந்த ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச் 2020 செப்டம்பரில் ஜெர்மனிக்குப் போனார். போகும்போது அது சில மணி நேரப் பயணம். அடுத்து வந்த ஆண்டுகளில் திரும்பும் வழி அவருக்குத் திறக்கவில்லை. அகதியின் தூரம் ஒரு பக்கம்தான் அளக்கப்படுகிறது.

இங்கே ஒழுக்கவியல் கேள்வி நுழைகிறது. ஆடம் ஸ்மித் 1759இல் எழுதிய நூலில் ஒரு கற்பனை இருக்கிறது. சீன தேசம் முழுதையும் பூகம்பம் விழுங்கிவிட்டதாகச் செய்தி வருகிறது. ஐரோப்பாவில் ஒரு நல்ல மனிதன் வருத்தப்படுகிறான், மனித வாழ்வின் நிலையாமை குறித்துச் சில வார்த்தை பேசுகிறான், பிறகு நன்றாகத் தூங்கிப்போகிறான். நாளை தன் சுண்டுவிரல் போய்விடும் என்று தெரிந்தால் அன்றிரவு அவனுக்குத் தூக்கம் வராது. ஆனாலும் சுண்டுவிரலைக் காப்பாற்ற அத்தனை பேரைப் பலிகொடுக்க அவன் சம்மதிக்க மாட்டான் என்கிறார் ஸ்மித். உணர்ச்சிக்குத் தூரம் உண்டு, மனசாட்சிக்கு இல்லை என்பது அவருடைய சமாதானம்.

பீட்டர் ஸிங்கர் 1972இல் இதை இன்னும் கறாராக்கினார். கிழக்கு வங்காள அகதிகள் பட்டினியில் கிடந்த நேரம். குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காப்பாற்றும் கடமை, துணி நனைந்துபோகும் என்பதற்காக மறையாது என்றால், குழந்தை பத்தாயிரம் மைல் தள்ளி இருக்கிறது என்பதற்காகவும் மறையாது. தூரம் ஒழுக்கத்தில் ஒரு பொருட்டல்ல. வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப் பலர் முயன்றிருக்கிறார்கள். முடிவை நானும் மறுக்கவில்லை. ஆனால் அவர் தொடங்கும் இடம் எனக்குப் போதவில்லை.

ஸ்மித்துக்கும் ஸிங்கருக்கும் தூரம் ஒரு எண். ஒருவர் அந்த எண்ணின் பாரத்தை ஒப்புக்கொண்டு மனசாட்சியைக் கொண்டு ஈடுகட்டுகிறார். மற்றவர் அந்த எண்ணைப் பூஜ்யத்தால் பெருக்கிவிடுகிறார். அது ஏற்கனவே அங்கே கிடக்கிறது, பூகோளம் அதைத் தந்தது என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை. நான் மேலே சொன்னவை வேறு மாதிரி இருக்கின்றன. பாரிஸின் ஒரு மணியைப் பூகோளம் தரவில்லை. மின்ஸ்கின் 2,900 கிலோமீட்டரைப் பூகோளம் தரவில்லை. மிலோஸின் 52 ஆண்டு எந்த அட்சரேகையிலும் இல்லை. தூரம் செய்யப்படுகிறது. செய்யப்பட்டது என்றால் செய்தவர்கள் உண்டு. அதனால் பயன் பெறுகிறவர்கள் உண்டு. அதை இயற்கை என்று எடுத்துக்கொண்டு தூங்கப்போகிறவர்களும் உண்டு. ‘தூரத்தில் இருப்பவனுக்கு நான் கடமைப்பட்டவனா?’ என்பது இரண்டாவது கேள்வி. ‘அவன் தூரத்தில் இருப்பது யாரால்?’ என்பது முதல் கேள்வி. முதலாவதைக் கேட்காமல் இரண்டாவதற்கு எவ்வளவு பெருந்தன்மையாக விடை சொன்னாலும் அது தர்மகர்த்தாவின் விடை.

இதற்கு ஒரு ஆட்சேபம் உண்டு. எல்லாத் தூரமும் செய்யப்பட்டதுதான் என்று சொல்லிவிட்டால், குளத்தில் குழந்தை மூழ்கிக்கொண்டிருக்கும்போது குளத்தை வெட்டியவன் யார் என்று விசாரித்துக்கொண்டு நிற்க ஒரு சாக்கு கிடைத்துவிடாதா? கிடைக்கும். நம்மில் பலர் அந்தச் சாக்கில்தான் அரசியல் பேசுகிறோம். குழந்தையை முதலில் தூக்க வேண்டும் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் பெர்லினுக்கு மாவு கொண்டுபோனவர்கள் வழி மூடப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டுதான் கொண்டுபோனார்கள். நேர்கோட்டின் நீளம் மட்டும் தெரிந்தவன், ‘பக்கத்தில்தானே இருக்கிறார்கள், வேண்டுமானால் வந்துவிடுவார்கள்’ என்று இருந்துவிடுவான். தவறான அருகாமையும் தவறான தூரத்தைப் போலவே கொல்லும்.

காண்ட் தன் நகரத்தைவிட்டு வெகுதூரம் போனதில்லை. 1795இல் நிரந்தர சமாதானம் பற்றி எழுதியபோது, அந்நியனுக்கும் ஒரு உரிமை உண்டு என்றார்: வந்து இறங்கிய இடத்தில் விரோதியாக நடத்தப்படாமல் இருக்கும் உரிமை. அதற்கு அவர் காட்டிய காரணம் கருணை அல்ல, பூமியின் வடிவம். பூமி கோளமாக இருப்பதால் மனிதர்கள் ஒருவரைவிட்டு ஒருவர் முடிவில்லாமல் விலகிப்போக முடியாது. கடைசியில் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். அட்டவணை 197 என்று கணக்குப் போடும் அதே கோளம். ஒன்றிலிருந்து ஒரு எண் பிறக்கிறது. மற்றதிலிருந்து ஒரு கடமை பிறக்கிறது. காண்ட் வாழ்ந்த கோனிக்ஸ்பெர்க் இன்று ருஷ்யாவின் கலினின்கிராட். 2018இல் ருஷ்ய நிலையங்களுக்குப் பெரியவர்களின் பெயர் சூட்ட மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தபோது கலினின்கிராடில் காண்டின் பெயர் ஒரு கட்டத்தில் முன்னணியில் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியது, அவருடைய சிலைமேல் சாயம் வீசப்பட்டது. கடைசியில் நிலையத்துக்கு மகாராணி எலிஸபெத்தின் பெயர் கிடைத்தது. 2022க்குப் பிறகு அங்கிருந்து மாஸ்கோ போகும் விமானங்கள் லித்துவேனியாவைக் கடக்க முடியாமல் பால்டிக் கடல்மேல் வடக்கே ஏறிச் சுற்றிப்போயின. கோளத்தின் உரிமையைப் பேசியவனின் ஊருக்கு நேர்வழி இல்லாமல் போயிற்று. இதில் எந்தத் தரப்புக்கு எவ்வளவு நியாயம் என்பது வேறு விசாரணை. படையெடுத்தவனுக்கு வானத்தை மூடுவதும் பத்திரிகையாளனைப் பிடிக்க வானத்தைத் திறந்துவைப்பதும் ஒன்றல்ல என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். தூரம் செய்யப்படுகிறது என்றால் எல்லாத் தூரமும் அநியாயம் என்று ஆகாது. ஒவ்வொரு தூரமும் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்றுதான் ஆகும்.

5

இலக்கியப் பத்திரிகையில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நாமும் தூரத்தை வைத்துத்தான் தொழில் செய்கிறோம். படைப்பிலிருந்து விலகி நின்று பார்க்கிறேன் என்று சொல்லாத விமர்சகன் இல்லை. 1912இல் எட்வர்ட் புல்லோ என்பவர் கலை அனுபவத்துக்கு ‘மனத் தூரம்’ என்ற கருத்தைக் கொடுத்தார். அவருடைய உதாரணமும் ஒரு பயணம்தான்: நடுக்கடலில் மூடுபனி. கப்பலில் இருப்பவனுக்குப் பயம், தாமதம், அபாயச் சங்கு. அவன் ஒரு கணம் தன் நலனைத் தள்ளிவைத்துவிட்டால் அதே பனி அழகாகிவிடுகிறது. நம் கல்லூரிப் பாடங்களில் இந்த இடத்தோடு புல்லோவை முடித்துவிடுகிறார்கள். விலகி நில், அழகு தெரியும் என்று. அவர் அதோடு நிற்கவில்லை. தூரம் முற்றிலும் மறைந்துவிடாமல், எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பதுதான் கலையில் விரும்பத்தக்கது என்றார். விலகுவது அல்ல, மறையாத அளவுக்கு நெருங்குவது. நம்மில் எத்தனை பேருடைய விலகல் இந்தப் பரீட்சையில் தேறும்?

‘ஐரோப்பிய இருத்தலியம் நமக்கு அந்நியம்’, ‘அவர்களுடைய போர் அவர்களுடையது’ என்பவை நம் பக்கங்களில் சகஜமான வாக்கியங்கள். இதே பக்கங்களில்தான் மிலோஸையும் அலெக்ஸியேவிச்சையும் மொழிபெயர்த்துக் கொண்டாடுவதும். இரண்டுக்கும் நடுவே உள்ள முரண் நமக்கு உறைப்பதில்லை. காரணம், ஆசிரியர்களை அட்டவணையின் வழியில் நெருங்குகிறோம்: பெயர், நாடு, பரிசு, ஆண்டு. எல்லாம் சரியான விவரங்கள். புள்ளிகள் சரியாக இருக்கின்றன. நடுவில் இருந்ததை நாம் கடப்பதில்லை. வில்னியஸைப் பற்றிய கவிதையை மொழிபெயர்க்கிறவன் அந்த 52 ஆண்டைத் தன் வாக்கியங்களில் எங்காவது சுமக்கவில்லை என்றால், அவன் நமக்குத் தந்தது 400 கிலோமீட்டர் நேர்கோடு. அதைச் சரளமான தமிழ் என்று பாராட்டுவோம்.

தமிழில் ‘கூப்பிடு தூரம்’ என்று ஓர் அளவு உண்டு. அதைக் கிலோமீட்டரில் மாற்ற முடியாது. கூப்பிடுகிறவனின் தொண்டை, கேட்கிறவனின் காது, நடுவே அடிக்கும் காற்று என்று மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. அதைவிட, கேட்டவன் எழுந்து வருவானா என்பதும் அந்த அளவுக்குள் மறைந்திருக்கிறது. வராதவனைக் கூப்பிடு தூரத்தில் இருப்பதாக யாரும் சொல்வதில்லை. கோடு போடத் தெரியாத காலத்தின் மிச்சம் என்று இதை ஒதுக்கத் தேவையில்லை. நான் இதுவரை சுற்றி வளைத்துச் சொன்னதெல்லாம் இந்தச் சொல்லில் அடக்கம். தூரம் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் இல்லை. கூப்பிடுகிறவனுக்கும் பதில் சொல்ல வேண்டியவனுக்கும் இடையில் இருக்கிறது. பதில் சொல்ல வேண்டியவன் சொல்லாமல் இருக்கும் ஒவ்வொரு தடவையும் அது நீள்கிறது.

அட்டவணைகளைக் கிழித்துப்போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 197 என்பது இல்லாவிட்டால் 2,900 எவ்வளவு பெரிய அக்கிரமம் என்று நமக்குத் தெரியவே தெரியாது. நேர்கோட்டின் நேர்மை அங்கேதான் இருக்கிறது: போகும் வழியை அது காட்டுவதில்லை, வழி எவ்வளவு கோணலாக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. சரியான எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அதோடு நின்றுவிடுகிறவன்தான் பிரச்னை. அவன் வங்கியிலும் இருக்கிறான், பல்கலைக்கழகத்திலும் இருக்கிறான், நம் ஆசிரியர் குழுக்களிலும் இருக்கிறான். அவனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தத் தூரத்தை நீ அளந்தது போவதற்காகவா, போகாமல் இருப்பதற்காகவா?